லண்டன் விழுந்தால் யார் ஆள்வது? - 12 மண்டலங்களின் கதை

2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்க போர்க்கால ஒத்திகை நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் பக்கம் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. சைரன் ஊத வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மத்திய அரசு 244 'சிவில் டிஃபென்ஸ் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அன்று பலரும் கேட்ட கேள்வி, "இப்படி ஒரு பட்டியல் இருப்பதே நமக்குத் தெரியாதே! இது எப்போதிலிருந்து இருக்கிறது?" என்பதுதான்.

நானும் அதே கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இந்தியாவில் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1968இல். ஆனால் சைரன், இருட்டடிப்பு, வார்டன், மாவட்ட வாரியான திட்டம் என்ற இந்த ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பேரிடர்த் திட்டத்தில் கஷ்டமான கேள்வி குண்டைப் பற்றியது இல்லை, வெள்ளத்தைப் பற்றியதும் இல்லை. 'யார் முடிவெடுப்பது, யார் பணம் கொடுப்பது' என்பதுதான் கஷ்டமான கேள்வி. தலைநகரத்தில் இருப்பவருக்கு ஊர் நிலவரம் தெரியாது. ஊரில் இருப்பவருக்கு அதிகாரமும் பணமும் போதாது. அப்படியானால் நடுவில் ஒருவர் வேண்டுமா, வேண்டாமா? பிரிட்டன் இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களாக மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆரம்பம்: குண்டு அல்ல, வேலைநிறுத்தம்

நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஓர் ஆணையர் போடும் யோசனை முதலில் போருக்காக வரவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் தொழிலாளர் போராட்டங்கள் பெருகின. 1920இல் நெருக்கடி அதிகாரச் சட்டம் வந்தது. ரயிலும் நிலக்கரியும் நின்றுபோனால் பாலும் ரொட்டியும் மக்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அரசு ரகசியமாகத் திட்டம் போட்டது. மண்டலத்துக்கு ஒரு சிவில் ஆணையர் என்று ஏற்பாடு செய்தார்கள். 1926 மே மாதம் பொது வேலைநிறுத்தம் வந்தபோது இந்த ஏற்பாடு வேலை செய்தது. ஒன்பதே நாளில் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது.

தொழிலாளிகள் பக்கமிருந்து பார்த்தால் இது தங்களுக்கு எதிராகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அரசு பக்கமிருந்து பார்த்தால் மக்களுக்குச் சோறு போட்ட ஏற்பாடு. ஒரே திட்டத்துக்கு இரண்டு முகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் இந்த இரட்டை முகம் கூடவே வரும்.

இதற்கிடையில் 1924இல் வான்தாக்குதல் முன்னெச்சரிக்கை பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் ஜான் ஆண்டர்சன் என்ற அதிகாரி. முதல் உலகப் போரில் ஜெர்மன் ஆகாயக் கப்பல்களும் விமானங்களும் போட்ட குண்டுகளில் பிரிட்டனில் இறந்தவர்கள் சுமார் 1,400 பேர். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த போரில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு டன் குண்டுக்கு 50 பேர் பாதிக்கப்படுவார்கள் என்பது பின்னால் புழக்கத்துக்கு வந்த கணக்கு. பிற்பாடு இது பல மடங்கு மிகை என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பயத்தில்தான் எல்லாத் திட்டமும் உருவானது.

ஆண்டர்சன் நமக்கு அந்நியர் இல்லை. 1932 முதல் 1937 வரை வங்காள மாகாண கவர்னராக இருந்தவர் அவர். 1934இல் டார்ஜிலிங் பக்கத்தில் லெபாங் குதிரைப் பந்தய மைதானத்தில் புரட்சியாளர்கள் அவரைச் சுட முயன்று தப்பியவர். ஊர் திரும்பியபின் 1938 நவம்பரில் குடிமைப் பாதுகாப்புப் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் பள்ளம் தோண்டி, நெளிவுத் தகடு வளைத்து, மேலே மண் போட்டு மூடிய 'ஆண்டர்சன் ஷெல்டர்' அவர் பெயரில் வந்ததுதான்.

பணம் யார் தருவது?

நான் வணிகவியல் மாணவன் என்பதால் இந்தப் பகுதி என்னை நிறுத்திவிட்டது. 1935இல் மத்திய அரசு எல்லா உள்ளாட்சிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வான்தாக்குதலுக்குத் தயாராகுங்கள் என்றது. உள்ளாட்சிகளின் பதில் என்ன? "சரி, பணம்?" நாட்டைக் காப்பது அரசின் கடமை, அதன் செலவை எங்கள் ஊர் வீட்டு வரியில் ஏற்றாதே என்றார்கள். நீங்கள்தானே உங்கள் ஊரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றது அரசு. இந்த இழுபறியிலேயே இரண்டு வருடம் போனது. கடைசியில் 1937இல் வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டம் வந்தது. செலவில் பெரும்பங்கை அரசு மானியமாகத் தரும், திட்டம் போட வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்று முடிவானது.

இந்த மானியத்தில் ஒரு நிபந்தனை உண்டு. பணம் வேண்டுமென்றால் செலவுக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தணிக்கை இல்லாமல் பொதுப்பணத்தைக் கொடுக்க முடியுமா? ஆனால் இந்தச் சின்ன நிபந்தனை பின்னால் ஓர் இடத்தில் 173 உயிர்களோடு சம்பந்தப்படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

12 மண்டலங்கள்

1939 ஏப்ரலில் மண்டல ஆணையர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பிரிட்டன் 12 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு தலைமையிடம். 1 நியூகாசில், 2 லீட்ஸ், 3 நாட்டிங்ஹாம், 4 கேம்பிரிட்ஜ், 5 லண்டன், 6 ரெடிங், 7 பிரிஸ்டல், 8 கார்டிஃப், 9 பர்மிங்ஹாம், 10 மான்செஸ்டர், 11 எடின்பரோ, 12 டன்பிரிட்ஜ் வெல்ஸ்.

ஆணையர்கள் யார் யார் என்று பார்த்தால் வேடிக்கையான கலவை. கேம்பிரிட்ஜ் மண்டலத்துக்கு அங்கே ஒரு கல்லூரியின் தலைவராக இருந்த வில் ஸ்பென்ஸ். பிரிஸ்டலுக்கு முதல் உலகப் போரில் டாங்கிப் படையை நடத்திய தளபதி ஹ்யூ எல்லெஸ். பர்மிங்ஹாமுக்கு டட்லி பிரபு. மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை, அரசு நியமித்தவர்கள்.

இவர்களின் வேலை இரண்டு விதம். சாதாரண நாட்களில் மண்டலத்தில் உள்ள உள்ளாட்சிகள், போலீஸ், தீயணைப்பு, மருத்துவமனைகள், ராணுவம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைப்பது. கட்டளை போடும் அதிகாரம் குறைவு. ஆனால் எதிரி படையெடுத்தோ, குண்டு போட்டோ லண்டனோடு தொடர்பு அறுந்துபோனால்? அந்த நிமிடம் முதல் அந்த மண்டலத்தில் ஆணையர்தான் அரசாங்கம். லண்டனைக் கேட்காமல் எல்லா முடிவையும் அவரே எடுக்கலாம். தலைமை அலுவலகம் எரிந்துபோனால் கிளை மேலாளரே முதலாளி என்பது மாதிரி ஓர் ஏற்பாடு.

ஜனநாயக நாட்டில் இது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வேளையாக அந்த முழு அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டிய நிலை ஒரு நாளும் வரவில்லை. ஆனால் முதல் வேலைக்கு, அதாவது ஊர்களைப் பேச வைக்கும் வேலைக்கு, தேவை சீக்கிரமே வந்தது.

குழாய் பொருந்தாத ஊர்கள்

1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகரத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு போட்டன. 550க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகரத்தின் பழைய தேவாலயம் எரிந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் தீயை அணைக்க முடியவில்லை. ஒரு நகராட்சி தன் திட்டப்படி எல்லாம் சரியாகச் செய்தாலும், அந்த நகராட்சியே அடிவாங்கிக் கிடக்கும்போது யார் வந்து காப்பாற்றுவது என்ற கேள்வி அன்றுதான் முகத்தில் அறைந்தது. வெளியூர் உதவி இல்லாமல் ஒரு நகரம் பிழைக்க முடியாது.

சரி, வெளியூர் உதவி வந்தது. ஆனால் என்ன ஆனது தெரியுமா? அன்றைக்கு பிரிட்டனில் 1,600க்கும் மேற்பட்ட தீயணைப்புப் படைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உள்ளாட்சிக்குச் சொந்தம். ஒவ்வொரு ஊரும் தனக்குப் பிடித்த அளவில் குழாய் இணைப்பு வாங்கி வைத்திருந்தது. பக்கத்து ஊர் வண்டி அவசரமாக ஓடி வந்து, தன் ஹோஸை இந்த ஊர் தெருக்குழாயில் மாட்டப் போனால் பொருந்தவில்லை! 1941இல் பிளிமத் நகரம் திரும்பத் திரும்ப எரிந்தபோது இந்தக் கொடுமை நடந்தது. ஆள் இருக்கிறார்கள், வண்டி இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இணைப்பு மட்டும் இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஊரும் தவறு செய்யவில்லை. தன் ஊருக்குத் தேவையானதைத் தன் பணத்தில் வாங்கியது. ஆனால் ஊர்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி யாருடைய பட்ஜெட்டிலும் வராது. அதை யாராவது ஒருவர் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1941 ஆகஸ்டில் எல்லாத் தீயணைப்புப் படைகளையும் சேர்த்து ஒரே தேசியத் தீயணைப்புப் படை ஆக்கினார்கள். போருக்குப் பிறகு 1948இல் மறுபடி உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள், ஆனால் பழைய 1,600 துண்டுகளாக அல்ல.

பிளிமத்தில் இன்னொன்றும் நடந்தது. மக்கள் சாயங்காலம் ஆனதும் மூட்டை முடிச்சோடு நகரத்தை விட்டு வெளியே நடந்து போய், டார்ட்மூர் மேட்டிலும் கிராமங்களிலும் படுத்துவிட்டு, காலையில் வேலைக்குத் திரும்பினார்கள். திட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. மன உறுதி போய்விட்டது என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அது மன உறுதி இல்லாமை அல்ல, சாதாரண புத்திசாலித்தனம். லண்டனிலும் இதே கதைதான். சுரங்க ரயில் நிலையங்களைப் பதுங்கிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்று முதலில் அரசு சொன்னது. 1940 செப்டம்பரில் மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள், மேலே ஏறி வரவில்லை. அவ்வளவுதான்! அரசு தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது.

பெத்னல் க்ரீன் படிக்கட்டு

இப்போது அந்த 173 உயிர்களுக்கு வருகிறேன்.

கிழக்கு லண்டனில் பெத்னல் க்ரீன் என்ற இடத்தில் சுரங்க ரயில் நிலையம் ஒன்று கட்டி முடியாமல் கிடந்தது. போர் வந்ததால் அது பதுங்கிடம் ஆனது. பல ஆயிரம் பேர் தங்கக்கூடிய இடம். ஆனால் உள்ளே போக ஒரே ஒரு வாசல். படிக்கட்டில் நடுக் கைப்பிடி கிடையாது. இருட்டடிப்பு காரணமாக மங்கலான ஒரு பல்பு.

இந்த வாசல் ஆபத்தானது என்று அந்த ஊர் நகராட்சிக்கு முன்பே தெரியும். 1941இலேயே வாசலைப் பலப்படுத்த அனுமதி கேட்டு லண்டன் மண்டல அலுவலகத்துக்கு எழுதியது. மரத்தடுப்புக்குப் பதில் செங்கல் சுவர் கட்ட வேண்டும், கூட்டம் வந்தால் தடுப்பு தாங்காது என்றது. கேட்ட தொகை நூறு பவுண்டுக்கும் குறைவு. மண்டல அலுவலகம் அது தேவையற்ற செலவு என்று மறுத்துவிட்டது. மானியம் தருபவர் ஒப்புதல் இல்லாமல் செலவு செய்ய முடியாது என்ற நிபந்தனை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது.

1943 மார்ச் 3. இரண்டு நாள் முன்புதான் பிரிட்டன் விமானங்கள் பெர்லினில் குண்டு போட்டிருந்தன, பதிலடி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இரவு எட்டே கால் மணி வாக்கில் சைரன் ஊதியது. மக்கள் வழக்கம்போல் வரிசையாக இறங்கினார்கள். சில நிமிடத்தில் பக்கத்துப் பூங்காவிலிருந்து புது வகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பெரும் சத்தத்தோடு கிளம்பின. மக்கள் அந்தச் சத்தத்தை அதற்குமுன் கேட்டதில்லை. குண்டு என்று நினைத்து வாசலை நோக்கி நெருக்கினார்கள். படிக்கட்டின் கீழே ஒரு பெண் தடுமாறி விழுந்தார். அவர் மேல் இன்னொருவர், அவர் மேல் இன்னொருவர். மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சுமார் 300 பேர் அந்தச் சின்னப் படிக்கட்டில் சிக்கிக்கொண்டார்கள்.

173 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். அதில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

விசாரணை நடந்தது. ஆனால் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று சொல்லி அறிக்கையை 1945 ஜனவரி வரைக்கும் வெளியிடவில்லை. அதனால் நகராட்சி தன் கடிதங்களை மக்களிடம் காட்ட முடியாமல் போனது. ஊர்க்காரர்கள் நகராட்சியைத் திட்டினார்கள். நட்டஈட்டு வழக்கிலும் நகராட்சிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அனுமதி மறுத்த அலுவலகத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. விபத்து நடந்த பிறகு? படிக்கட்டில் கைப்பிடிகள் உடனே வந்துவிட்டன! இறந்தவர்களுக்கு அதே இடத்தில் முழுமையான நினைவுச் சின்னம் கட்டி முடிக்க 2017 ஆனது.

இதைப் படித்த அன்று எனக்கு மனது சரியில்லை. மண்டல அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்த்த அதிகாரி கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அவர் மேசையில் அப்படி நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்திருக்கும். செங்கல்லும் சிமென்ட்டும் தட்டுப்பாடான காலம். எங்கள் பாடப்புத்தகம் சொல்லும் செலவுக் கட்டுப்பாட்டை அவர் ஒழுங்காகத்தான் செய்திருப்பார். ஆனால் அந்தப் படிக்கட்டில் அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை என்றே நினைக்கிறேன். நகராட்சிக்காரர்கள் தினமும் இறங்கினார்கள்.

ஆக, நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் குழாய் பொருந்தாது. நடுவில் ஒருவர் இருந்து அவருக்குப் பூட்டின் சாவி மட்டும் கொடுத்துவிட்டால் படிக்கட்டு சரியாகாது. இரண்டும் ஒரே போரில், ஒரே ஏற்பாட்டில் நடந்தவை.

நம் கரையிலும் ஒரு காட்சி

அதே நேரம் நம் ஊரில் என்ன நடந்தது என்றும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னைதான் என்று பயம். அரசே வேலையில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்றது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கிளம்பினார்கள். எங்கே போவது, அங்கே யார் சோறு போடுவது என்பது பெரும்பாலும் அவரவர் சொந்தக்காரர்களின் பொறுப்பாகத்தான் இருந்தது. அரசாங்கத்துக்கு இடம் மாற ஊர் தயாராக இருந்தது, ஜனங்களுக்குச் சித்தப்பா வீடு இருந்தது. நம் மண்ணில் நிஜமான சிவில் டிஃபென்ஸ் சொந்தபந்தம்தான் போலும்.

ரகசியப் பங்கர்கள்

போர் முடிந்ததும் 1945இல் மண்டல ஆணையர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஆனால் சீக்கிரமே அணுகுண்டுப் பயம் வந்தது. 1948இல் புதிய குடிமைப் பாதுகாப்புச் சட்டம், 1949இல் தொண்டர் படை. 1955இல் ஸ்ட்ராத் என்ற அதிகாரியின் குழு ஒரு ரகசிய அறிக்கை கொடுத்தது. பத்து ஹைட்ரஜன் குண்டு விழுந்தால் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சாவார்கள், இன்னும் நாற்பது லட்சம் பேர் படுகாயம் அடைவார்கள் என்றது. அதாவது மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இந்த அறிக்கை 2002 வரைக்கும் வெளியே வரவில்லை.

மக்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் அரசு ஒரு முடிவெடுத்தது. பழைய 12 மண்டலங்கள் மறுபடி உயிர் பெற்றன, இந்த முறை பூமிக்கு அடியில். 'மண்டல அரசு இருக்கைகள்' என்று பெயர். போர் வந்தால் ஓர் ஆணையரும் சில நூறு அதிகாரிகளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே மிச்சம் இருப்பவர்களை ஆள்வார்கள்.

1963இல் சில இளைஞர்கள் ரெடிங் பக்கத்தில் வாரன் ரோ என்ற கிராமத்தில் ஒரு சந்தேகத்துக்கிடமான இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தார்கள். சுண்ணாம்புக் குகையில் கட்டப்பட்ட பங்கர். அங்கிருந்த தாள்களைப் படம் பிடித்தார்கள். அதுதான் ஆறாம் எண் இருக்கை. 1939இல் ரெடிங்குக்குக் கொடுத்த அதே எண் 6! 'அமைதிக்கான ஒற்றர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, ஈஸ்டர் நேரத்தில் நடந்த அணு ஆயுத எதிர்ப்புப் பேரணியில் ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். பேரணியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பிரிந்து நேராக வாரன் ரோவுக்கே போய் நின்றார்கள். அரசு பெரிய அவமானப்பட்டது. அந்த ஒற்றர்கள் யாரென்று போலீஸ் கடைசிவரை பிடிக்கவில்லை.

அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்தத் திட்டம் யாரைக் காப்பாற்ற? மக்களுக்குப் பதுங்கிடம் கிடையாது, அரசாங்கத்துக்கு மட்டும் உண்டா? 1968இல் செலவைக் குறைக்க வேண்டும் என்று தொண்டர் படையையே அரசு கலைத்துவிட்டது. நம் நாடு குடிமைப் பாதுகாப்புச் சட்டம் போட்ட அதே வருடம்! ஆனால் பங்கர்கள் போகவில்லை. மிச்சம் பிடித்தது மக்கள் பக்கத்துச் செலவைத்தான்.

1980களில் இந்தக் கோபம் வெடித்தது. 1980 நவம்பரில் மான்செஸ்டர் நகராட்சி தன்னை அணு ஆயுதம் இல்லாப் பகுதி என்று அறிவித்தது. 1982இல் அரசு நடத்தவிருந்த பெரிய ஒத்திகையில் பல உள்ளாட்சிகள் சேர மறுத்ததால் அது நடக்காமலே போனது. ஊர்கள் மறுத்துவிட்டால் மண்டலத் திட்டம் வெறும் காகிதம் என்று அன்று நிரூபணம் ஆனது. பனிப்போர் முடிந்தபின் அந்தப் பங்கர்கள் கைவிடப்பட்டன. எசெக்ஸில் கெல்வெடன் ஹாட்ச் என்ற இடத்தில் உள்ள ஒன்று இப்போது அருங்காட்சியகம். அங்கே போகும் சாலையில் 'ரகசிய அணு பங்கர்' என்று அம்புக்குறி போட்ட பலகையே இருக்கிறது!

மறுபடியும் அதே கேள்வி

2000இல் எரிபொருள் போராட்டமும் வெள்ளமும், 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோயும் பிரிட்டனைப் புரட்டிப் போட்டன. பழைய போர்க்காலச் சட்டம் இதற்கெல்லாம் உதவவில்லை. 2004இல் குடிமை அவசரநிலைச் சட்டம் வந்தது. போலீஸ் எல்லையை ஒட்டி உள்ளூர் அமைப்புகள், அதற்கு மேல் இங்கிலாந்தின் ஒன்பது மண்டல அலுவலகங்களில் சிறு குழுக்கள். 2007 ஜூலையில் க்ளோஸ்டர்ஷையர் பகுதியில் வெள்ளம் வந்தபோது ஒரே ஒரு சுத்திகரிப்பு நிலையம் மூழ்கியதில் சுமார் 3.5 லட்சம் பேருக்குக் குடிதண்ணீர் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம், குடிக்க நீர் இல்லை. சென்னையில் 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

2011 மார்ச்சில் சிக்கன நடவடிக்கையாக அந்த மண்டல அலுவலகங்களும் மூடப்பட்டன. 2020இல் கொரோனா வந்தது. 2024 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, தயார்நிலைக்கான ஏற்பாடுகள் அளவுக்கு மீறிச் சிக்கலாக இருந்தன, தவறான நோய்க்குத் தயாராகியிருந்தார்கள் என்று கண்டித்தது. 1926, 1939, 1963, 2011 என்று கட்டுவதும் இடிப்பதுமாகவே இருந்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது

மூன்று விஷயம் எனக்குப் புரிந்தது.

ஒன்று, நடுவில் இருப்பவரின் வேலை ஊர்களை இணைப்பது, ஊர்களைத் தடுப்பது அல்ல. குழாய் அளவை ஒன்றாக்குவது அவர் வேலை. ஆபத்தான படிக்கட்டில் சுவர் வேண்டுமா என்பதை அந்தப் படிக்கட்டில் இறங்குபவரே முடிவு செய்யட்டும். சின்னத் தொகைக்குக் கூட மேலே கேட்க வேண்டும் என்ற விதி கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

இரண்டு, ரகசியத் திட்டம் பாதித் திட்டம். மக்களுக்குத் தெரியாத திட்டத்தில் மக்கள் நடிக்க முடியாது. அவர்கள் தங்கள் சொந்தத் திட்டத்தை, டார்ட்மூருக்கு நடந்து போன மாதிரி, போட்டுக்கொள்வார்கள். அதை முன்பே கவனித்தால் அதுவே நல்ல திட்டமாகவும் இருக்கலாம்.

மூன்று, செலவைக் குறைக்கும்போது எந்தப் பக்கம் குறைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பிரிட்டன் 1968இல் தொண்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கான்கிரீட்டை வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று அடுக்கு. மாவட்டத்தில் கலெக்டர்தான் தலைவர். கேட்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆறும் புயலும் மாவட்ட எல்லை பார்த்து வருவதில்லை. ஒரு மாவட்டத்து ஏரி திறந்தால் அடுத்த மாவட்டம் மூழ்குகிறது. அந்த நடு இடைவெளி நம்மிடம் யார் மேசையில் இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை சைரன் ஒத்திகை நடந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல், உங்கள் தெருவில் உள்ள பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ எது வெள்ளத்துக்கு ஒதுங்கும் இடம் என்று விசாரித்து வையுங்கள். அப்படியே அதன் படிக்கட்டையும் ஒரு முறை பார்த்து வையுங்கள்.